படகுக்கும் செருப்பு தேயும்!

காரைக்கால் பீச்சுக்குக் கிளம்பிட்டீங்களா? சுண்டலை அப்புறம் பார்த்துக்கலாம். கரையில ஏத்தி வச்சிருக்கிற ஃபைபர் படகு ஏதாவது கண்ணுல பட்டா, அதோட அடிப்பக்கத்தைக் கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. மேல பளபளன்னு பெயின்ட். கீழே சொரசொரன்னு தேஞ்சு, சில படகுல கண்ணாடி நாரே வெளியே எட்டிப் பார்க்கும்.

2004 சுனாமிக்குப் பிறகு நம்ம கரையில கட்டுமரங்கள் குறைஞ்சு, ஃபைபர் படகுகள் பெருகின. கண்ணாடி நாரை ரெசின்ல ஊறவச்சு, அடுக்கடுக்கா ஒட்டிச் செய்யற பிளாஸ்டிக் படகு அது. கடலுக்குள்ள தள்ளும்போதும் மணல்ல உரசணும், திரும்ப இழுத்து ஏத்தும்போதும் உரசணும். மணல்ல இருக்கிற குவார்ட்ஸ்தான் வில்லன். கடினத்தை அளக்கிற மோஸ் அளவுகோல்ல குவார்ட்ஸுக்கு 7. கண்ணாடிக்கே சுமார் 5.5தான். ரெசின் எம்மாத்திரம்? ஒவ்வொரு மணலும் ஒரு குட்டி உளியா கோடு கிழிச்சுட்டே போகும். மேல்பூச்சு போயிட்டா, தண்ணி உள்ளே இறங்கி நாரையும் ரெசினையும் பிரிக்க ஆரம்பிச்சிடும். ஒரு குடும்பத்தோட சோறே அந்தப் படகுலதான் இருக்கு!

'இன்னும் கடினமான பிளாஸ்டிக்கா போட்டா போச்சு!'ன்னு தோணுதில்ல? அங்கதான் மேட்டரே இருக்கு. சோவியத் விஞ்ஞானி ராட்னரும் அவரோட குழுவும் 1960-களில் ஒரு கணக்கு சொன்னாங்க. ஒரு பிளாஸ்டிக் அறுபடும்போது தாங்குற பலத்தையும், அறுபடறதுக்குள்ள அது நீளுற அளவையும் பெருக்கணும். பெருக்கி வர்றது எவ்வளவு பெருசோ, சொரசொரப்பான பரப்புல தேய்மானம் அவ்வளவு கம்மி. (எல்லா பிளாஸ்டிக்குக்கும் இது அச்சுப்பிசகாமப் பொருந்தாதுங்கறது வேற விஷயம்.) நகம் பட்டாலே கீறல் விழுற பாலித்தீன், கண்ணாடி மாதிரி விறைப்பா நிக்கிற அக்ரிலிக்கை ஜெயிக்கிறது இப்படித்தான். மணல் குத்தினா பாலித்தீன் நெளிஞ்சு கொடுக்கும். அக்ரிலிக் நெளியாது, சில்லு சில்லா பேர்ந்துடும்.

நம்பிக்கை வரலையா? தண்ணி கேன் மூடியில ஒரு துண்டு, உடைஞ்ச அக்ரிலிக் ஷீட்ல அதே அளவு ஒரு துண்டு எடுத்துக்குங்க. ரெண்டு மேலயும் ஒரே எடையை வச்சு, புது உப்புத்தாள்ல ஒரே தூரம் இழுங்க. லேப் தராசுல முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவுன்னு பாருங்க. தூளைக் கூட்டிக் குப்பையில போடுங்க, வாஷ்பேசின்ல வேண்டாம்.

அப்போ மொத்தப் படகையும் பாலித்தீன்லயே செஞ்சா என்னன்னு கேட்பீங்க. அது அதிகமா வளையும். அடியில மட்டும் பட்டையா ஒட்டலாம்னா, ரெசின் அதுல லேசுல பிடிக்காது. போல்ட் போட்டா ஓட்டை வழியா தண்ணி இறங்கும். திருவேட்டக்குடி என்.ஐ.டி. மெக்கானிக்கல் மக்களே, ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுறீங்களா? அந்தப் பட்டையை எப்படிப் பிடிக்க வைக்கிறதுன்னு யோசிங்களேன்!