சில்லிப் பானையும் ராக் மேடையும்: தருமம் எந்தப் பக்கம்?

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் டிசி101 என்றொரு ராக் வானொலி நிலையம் உண்டு. பல ஆண்டுகள் அது நடத்திய விழாவின் பெயர் ‘சில்லி குக்-ஆஃப்’. ஒரு பக்கம் பெரிய மேடை, காதைப் பிளக்கும் கிதாரும் டிரம்ஸும். மறுபக்கம் வரிசையாகக் கூடாரங்கள், கூடாரத்துக்கு ஒரு கேஸ் அடுப்பு, அடுப்பின்மேல் கொதிக்கும் பானை. டிக்கெட் வாங்கி உள்ளே வருகிறவர்கள் பாட்டும் கேட்கலாம், பானைக்குப் பானை ருசியும் பார்க்கலாம். திரளும் நிதி தேசிய சிறுநீரக அறக்கட்டளைக்கு. காய்ந்த மிளகாய், சீரகம், பூண்டு, ஓரிகானோ இலை சேர்த்து மணிக்கணக்கில் வேகவைக்கும் கெட்டியான மாட்டிறைச்சிக் குழம்பைத்தான் அங்கே சில்லி என்கிறார்கள். 1977இல் டெக்சாஸ் சட்டமன்றம் அதை மாநில உணவாகவே அறிவித்தது. இப்படி ஒரு விழாவைப் பார்க்கிற யாருக்கும், பாட்டுதான் பணத்தைக் கொண்டுவருகிறது, சமையல் வெறும் வேடிக்கை என்றுதான் தோன்றும். கணக்கைப் பிரித்துப் பார்த்தால் நேர்மாறாக இருக்கிறது. கூட்டத்தைக் கூட்டுவது மேடை. ஆனால் தருமத்தைத் தாங்குவது பானைதான்.

சில்லி குக்-ஆஃப் என்ற இந்தச் சமையல் போட்டி பிறந்த கதையில் தருமம் எங்கேயும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1967 அக்டோபரில், டெக்சாசின் தென்மேற்குக் கோடியில், பாதரசச் சுரங்கம் மூடியபின் ஆளரவமற்றுப் போயிருந்த டெர்லிங்குவா என்ற ஊரில் முதல் பெரும்போட்டி நடந்தது. டாலஸ் பத்திரிகையாளர் ஃபிராங்க் எக்ஸ். டால்பர்ட் சில்லி பற்றி எழுதியிருந்த புத்தகத்துக்கு விளம்பரம் தேவைப்பட்டது. அந்த வட்டாரத்தில் ஏராளமாக நிலம் வைத்திருந்தவர்களுக்கும் ஊர் பேர் வெளியே தெரிந்தால் சரி என்றிருந்தது. சில்லியைப் பற்றித் தனக்குத் தெரிந்த அளவு வேறு எவருக்கும் தெரியாது என்று நியூயார்க் நகைச்சுவை எழுத்தாளர் எச். ஆலன் ஸ்மித் ஒரு பத்திரிகையில் எழுதி, டெக்சாஸ்காரர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டிருந்தார். போதாக்குறைக்கு அவர் பானையில் பீன்ஸ் வேறு. எதிரே டெக்சாஸ் தரப்பில் விக் ஃபௌலர் என்ற பத்திரிகைக்காரர். நடுவர்கள் மூவர். ஒருவர் ஸ்மித் பக்கம், ஒருவர் ஃபௌலர் பக்கம். மூன்றாமவர் ஒரு கரண்டி வாயில் வைத்ததும் துப்பிவிட்டு, நாக்கு மரத்துப்போய்விட்டது, தீர்ப்புச் சொல்ல இயலாது என்று கையை விரித்துவிட்டார். போட்டி சமன். அப்படியானால் அடுத்த வருடமும் கூடித்தானே ஆகவேண்டும்! முழுக்க முழுக்க நாடகம்தான். ஆனால் ஆண்டுதோறும் நடக்கும் வழக்கம் அந்த நாடகத்திலிருந்துதான் கிளைத்தது.

அதற்குப் பிறகு நடந்தவை நம் ஊர் சங்கங்களின் கதையைப் போலவே இருக்கின்றன. போட்டியை நடத்திய அமைப்பு உடைந்தது. ஒரு பிரிவு கலிஃபோர்னியா பக்கம் போய் ‘இன்டர்நேஷனல் சில்லி சொசைட்டி’ ஆனது. டெக்சாசில் தங்கியவர்களுக்குள்ளும் பிளவு. இன்றும் நவம்பர் முதல் சனிக்கிழமை, அதே டெர்லிங்குவாவில், இரண்டு தரப்பும் தனித்தனியாக உலகச் சாம்பியன் போட்டி நடத்துகின்றன. அவற்றுள் ஒன்றான காசி என்ற சங்கம் லாப நோக்கமற்ற அமைப்பு. ஊருக்கு ஊர் அதற்குக் கிளைகள். இறுதிப் போட்டிக்குப் போக வேண்டுமென்றால் ஆண்டு முழுவதும் சிற்றூர்ப் போட்டிகளில் கலந்து புள்ளிகள் சேர்க்க வேண்டும். அந்தச் சிற்றூர்ப் போட்டிகள்தான் அந்தந்த ஊரின் தீயணைப்புப் படைக்கோ, மருத்துவமனைக்கோ, நோயாளிக் குடும்பத்துக்கோ பணம் திரட்டுகிறவை. கோப்பை மீது ஒருவருக்கு இருக்கும் ஆசை, அவர் கண்டிராத ஊர்களின் நற்பணிக்கு வருடம் முழுக்க எரிபொருளாகிறது. ராக் கச்சேரியில் இப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. பிடித்த குழு இந்த வருடம் வந்தால் ரசிகர் வருவார். அடுத்த வருடம் வேறு குழு என்றால் வேறு ரசிகர். அறக்கட்டளைக்கு வேண்டியதோ மறுபடி மறுபடி வருகிறவர்.

அவர்களைப் பிடித்து வைத்திருப்பது விதிகளின் கண்டிப்பு என்பது என் எண்ணம். காசி விதிப்படி சில்லியில் பீன்ஸ், அரிசி, மக்ரோனி எதுவும் தலைகாட்டக் கூடாது. இறைச்சி போட்டித் திடலில், அன்றைக்கே, பச்சையிலிருந்து சமைக்கப்பட வேண்டும். முந்தின இரவு மசாலா தடவி ஊறவைத்துக் கொண்டுவருவது கூடாது. கடையில் விற்கும் மிளகாய்ப்பொடிக் கலவைக்கு மட்டும் தடையில்லை. 1890களில் வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியக் குடியேறி டெக்சாசில் தயாரித்து விற்கத் தொடங்கிய பொடியின் வழிவந்தது அது. சமையல் முடிந்ததும் எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கோப்பை. அதில் ஒட்டும் சீட்டு எண் யாருடையது என்பது நடுவருக்குத் தெரியாது. நடுவர் பார்ப்பது ஐந்து: மணம், பதம், செந்நிறம், சுவை, விழுங்கியபின் நாக்கில் நிற்கும் சுவை. திடலில் துப்பாக்கி வெடிக்கவும் தடை உண்டு. டெக்சாசில் அதையும் எழுதித்தான் வைக்க வேண்டியிருக்கிறது. ஒரு குழம்புக்கு இத்தனை சட்டமா என்று சிரிக்கலாம். ஆனால் யாரும் தோற்கலாம், தோற்றவர் நியாயமாகத் தோற்றார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அவர் அடுத்த முறையும் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்.

இனி செலவு. மேடைக்குக் குழுக்களின் சம்பளம், ஒலி, ஒளி, ஜெனரேட்டர், பாதுகாவலர், காப்பீடு, தற்காலிகக் கழிப்பறை என்று பட்டியல் நீளும். மழை கொட்டி நூறு பேர் வந்தாலும் அதில் பெரும்பகுதி குறையாது. பானைப் பக்கமோ தலைகீழ். சமைக்கிறவர் கூலி வாங்குவதில்லை. நுழைவுக் கட்டணம் கட்டித்தான் சமைக்கிறார். இறைச்சி அவர் செலவு, அடுப்பு அவருடையது, வெயிலில் மூன்று மணி நேரம் கிளறுவதும் அவரே. பல விழாக்களில் மக்கள் விருப்ப விருது ஒன்றும் உண்டு. ருசி பார்த்தவர்கள் பணம் போட்டு வாக்களிக்கும் இடங்களில் அந்தப் பணத்துக்கு எதிராகச் செலவு என்று எழுத அநேகமாக ஒன்றுமில்லை. வேலை செய்வதற்காக மனிதர்கள் காசு கொடுக்கும் அபூர்வமான இடம் இது.

மேடையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1971 ஆகஸ்ட் 1 அன்று ஜார்ஜ் ஹாரிசனும் ரவிசங்கரும் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வங்கதேச அகதிகளுக்காகக் கச்சேரி நடத்தினார்கள். டிக்கெட்டில் வந்த சுமார் 2,43,000 டாலர் யுனிசெஃபுக்குச் சேர்ந்துவிட்டது. அதைவிடப் பெரிய தொகையான இசைத்தட்டு, திரைப்பட வருமானம், முன்கூட்டியே அறக்கொடையாகப் பதிவு செய்யப்படாததால் வரித்துறைச் சிக்கலில் மாட்டி ஆண்டுக்கணக்கில் முடங்கியது. மனசு சுத்தம்தான், காகிதம்தான் சரியில்லை. வானொலி விழாக்களில் வேறொரு சிக்கலும் ஒளிந்திருக்கலாம். பாடல் ஒலிபரப்பாகும் என்ற எதிர்பார்ப்பில் கலைஞர்கள் இலவசமாகவோ குறைந்த தொகைக்கோ பாடுவது சட்டச் சிக்கல் என்று அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 2025இல் நிலையங்களுக்குப் பொதுவாக எச்சரிக்கை விடுத்தது. அப்படி மிச்சமாகும் பணத்தைத் தருமத்தின் வெற்றி என்று சொல்லிக்கொள்ள முடியாது.

தருமம் செய்ய நினைப்பவர் நேராகக் காசோலை அனுப்பலாமே, எதற்கு இந்தக் கூத்து என்று கேட்பார்கள். நேராக அனுப்புகிறவர் அனுப்பட்டும், அதைவிடச் சிக்கனமான வழி இல்லை. ஆனால் விழாவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்தக் காசோலையை எழுதப்போகிறவர்கள் அல்லர். கொடுப்பதில் கொடுப்பவருக்கே ஒரு மனநிறைவு இருக்கிறது, அதுவும் ஒரு காரணம் என்று பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி 1990ஆம் ஆண்டு வாக்கில் எழுதினார். ருசியும் பாட்டும் அந்த நிறைவோடு சேரும்போது, கொடுக்காமலே இருந்திருக்கக் கூடியவரின் கையும் பைக்குள் போகிறது. இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. உப்பும் காரமும் தூக்கலான மாட்டிறைச்சி, கூடவே பீர். இதை வைத்துச் சிறுநீரக நோய்க்கு நிதி திரட்டுவதா? சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மருத்துவர் முதலில் சொல்வதே உப்பைக் குறை என்பதுதான். இந்த முரண்பாட்டை மழுப்ப முடியாது. ஆனாலும் மருத்துவ முகாமுக்கு வராத இளைஞர் கூட்டம் இங்கே தானாக வந்து நிற்கிறது. ரத்த அழுத்தம் பார்க்கும் மேசை ஒன்றைப் பானைகளுக்கு நடுவே போட்டால், உப்பைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான இடம் எது?

மூன்றாவது கேள்வி ஒன்றுக்கு மட்டும் என்னால் விழாவுக்குச் சாதகமாகப் பதில் சொல்ல முடியவில்லை: டிக்கெட்டில் எவ்வளவு உண்மையில் போய்ச்சேருகிறது? அமெரிக்க வரிச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 50 டாலர் டிக்கெட்டுக்கு 40 டாலர் மதிப்புள்ள கச்சேரி கிடைத்தால், நன்கொடை 10 டாலர் மட்டுமே. வரிவிலக்கும் அந்தப் பத்துக்குத்தான். அறக்கட்டளை ஒருவரிடம் 75 டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு பதிலுக்கு ஏதாவது தந்தால், தந்ததன் மதிப்பை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதற்குக் கீழே விற்கும் டிக்கெட்டுகளுக்கு அந்தக் கட்டாயமில்லை. பெரும்பாலான விழா டிக்கெட்டுகள் அந்த வரம்புக்குள்தான் அடங்கும். ஆகவே கட்டாயம் இல்லாவிட்டாலும் மேடைக் கணக்கையும் பானைக் கணக்கையும் தனித்தனியாக அச்சிட்டு வாசலில் ஒட்டும் விழாவுக்கே போங்கள். ஒட்டாத விழாவில் டிக்கெட் எடுப்பதற்கு முன் அந்தக் கணக்கைக் கேளுங்கள்.