தீவுகளின் தங்கக் காசுகள்

நாணயம் என்னும் சொல் தமிழில் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். சிறு தீவு நாடுகள் வெளியிடும் தங்க நினைவுக் காசுகளைச் சேர்ப்போர் இவ்விரு பொருளையும் மனத்திற் கொள்ளுதல் நன்று.

பசிபிக் மாக்கடலிலுள்ள டோங்கா, 1962ஆம் ஆண்டில் சாலோத்தே அரசியாரின் உருவம் பொறித்த தங்கக் காசுகளை வெளியிட்டது. பொலினீசியத் தீவுகளின் முதல் தங்க நாணயங்கள் அவையே. அவற்றின் பெயர் 'கூலா'; டோங்கா மொழியில் அச்சொல்லுக்குத் தங்கம் என்பது பொருள். ஒரு கூலாவின் எடை 32.5 கிராம், தரம் 22 காரட். ஆதலின் அதிலுள்ள தூய தங்கம் ஏறக்குறைய 29.8 கிராம். கால் கூலாவின் எடை 8.125 கிராம். நம் நகைக்கடைகளில் வழங்கும் 'பவுன்' என்னும் அளவு, 7.988 கிராம் எடையுள்ள ஆங்கிலேயத் தங்கக் காசிலிருந்து வந்தது. கால் கூலா அதனினும் சிறிதே கனமானது. இக்காசுகளின் நினைவாக டோங்கா 1963இல் தங்கத் தாளில் வட்டவடிவ அஞ்சல் தலைகளையும் வெளியிட்டது.

பின்னர் வேறொரு வழக்கம் வளர்ந்தது. துவாலுவில் ஆஸ்திரேலிய டாலரும், நியுவேயில் நியூசிலாந்து டாலரும் புழங்குகின்றன. இவ்விரு தீவுகளின் பெயர் தாங்கிய நினைவுக் காசுகள் அயல்நாட்டு நாணயச் சாலைகளில் அச்சாகி, உலகெங்குமுள்ள சேகரிப்போரிடம் விலைபோகின்றன. ஈராயிரம் பேர்கூட வாழாத நியுவேயின் பெயரால் 2011இல் அமெரிக்கத் திரைப்படப் பாத்திரங்கள் பொறித்த காசுகளும் வெளிவந்தன. தீவின் வரலாற்றுக்கும் அவற்றுக்கும் யாதொரு தொடர்புமில்லை.

இத்தகைய காசுக்கு மூன்று மதிப்புகள் உண்டு. முதலாவது, அதன்மேல் பொறித்த தொகை. ஓர் அவுன்ஸ் தங்கக் காசில் 100 டாலர் என்றிருக்கலாம். அவ்வளவு தங்கத்தை அவ்விலைக்கு இன்று எவரும் தரார். இரண்டாவது, அதிலுள்ள தங்கத்தின் சந்தை விலை. மூன்றாவது, சேகரிப்போரின் விருப்பம் கூட்டித்தரும் விலை. இம்மூன்றாவதே நிலையற்றது. விருப்பம் மாறினால், கூட்டிக் கொடுத்த பணம் திரும்பாது.

ஆகவே, உழைத்துச் சேர்த்த பணத்தில் காசு வாங்குவோர் முதலில் எடையையும் தரத்தையும் பெருக்கித் தூய தங்கத்தின் அளவைக் காணவேண்டும். ஆறாம் வகுப்பு மாணவனும் இக்கணக்கைச் செய்வான். தங்கத்தின் அன்றைய விலைக்குமேல் எவ்வளவு தருகிறோம் என்பதை அறிந்து, அத்தொகை போனாலும் வருந்தோம் எனில் வாங்கலாம். அழகுக்கும் வரலாற்றுக்கும் அவர் தரும் விலை அதுவே.