வெளிச்சவீட்டின் தாளமும் நுண்கட்டுப்படுத்தியின் கணக்கும்

இவ்வாண்டு விழாவுக்கென எமது மேல்வகுப்பு மாணவர்கள் பருத்தித்துறை வெளிச்சவீட்டின் மாதிரியொன்றை அட்டையினாற் செய்தனர். அதன் உச்சியில் ஒளிகாலும் இருவாயி ஒன்றைப் பொருத்தி, ஆர்டுயீனோப் பலகையொன்றுடன் இணைத்தனர். விளக்கு எரிந்தது, ஆனால் விட்டுவிட்டு ஒளிரவில்லை. உண்மையில் அது செக்கனுக்கு முப்பதாயிரம் தடவைக்கு மேல் அணைந்து எரிந்துகொண்டிருந்தது. எமது கண்களுக்குத்தான் அது புலப்படவில்லை. விரைந்து இயங்கவென்றே ஆக்கப்பட்ட கருவியை மெதுவாக இயங்கச் செய்வது எங்ஙனம் என்னும் வினா அன்று வகுப்பில் எழுந்தது.

கடலில் வருபவனுக்கு விளக்கின் தாளமே கரையின் பெயர். ஹம்பேர்க்குக்குச் சொந்தமான நொய்வேர்க் தீவில் 1310 இல் நிறைவுற்ற கோபுரம், 1814 முதல் 2014 வரை வெளிச்சவீடாகப் பணிபுரிந்தது. எல்பே ஆற்றங்கரையில் இன்றும் இரவிற் கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்குகள் உண்டு. அவற்றுள் ஒரு வகை இரண்டு செக்கன் ஒளிர்ந்து, இரண்டு செக்கன் இருண்டு, நான்கு செக்கனில் ஒரு சுற்றை முடிக்கும். இத்தாளத்தையே மாணவர்கள் முதலில் தெரிந்தெடுத்தனர்.

நம் முன்னோர் பொழுதளந்த நாழிகை வட்டிலை நினைவிற் கொள்வோம். அடியிற் சிறு துளையுள்ள கிண்ணம் நீரில் மிதக்கும்; மெல்ல நிறைந்து அமிழும். ஒரு முறை அமிழ்ந்தால் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம். நுண்கட்டுப்படுத்தியின் நேரங்காட்டியும் இத்தகையதே. அது துடிப்புகளை ஒவ்வொன்றாக எண்ணும்; எண்ணிக்கை நிரம்பியதும் பூச்சியத்துக்குத் திரும்பும்.

எமது பலகையின் துடிப்பு செக்கனுக்கு 1,60,00,000. எட்டுப் பிட் எண்ணி 256 வரைதான் கொள்ளும். ஆதலின் செக்கனின் பத்து இலட்சத்தில் 16 பங்கிலேயே அக்கிண்ணம் நிரம்பிவிடுகின்றது. இதனை மெதுவாக்க இரு வழிகள் உள. ஒன்று, துளையைச் சிறிதாக்குதல்: முன்வகுப்பி எனும் பகுதி 1,024 துடிப்புக்கு ஒன்றை மட்டுமே எண்ணிக்கு அனுப்பும். அப்போது செக்கனுக்கு 15,625 துடிப்புகளே வந்து சேரும். மற்றையது, கிண்ணத்தைப் பெரிதாக்குதல்: பதினாறு பிட் எண்ணி 65,536 வரை கொள்ளும். இரண்டையுஞ் சேர்த்தால் கிண்ணம் நிரம்ப ஏறக்குறைய 4.19 செக்கன் ஆகும்.

நமக்கு வேண்டியது இரண்டு செக்கன். 15,625 ஐ இரண்டாற் பெருக்க 31,250 வரும். ஆனால் ஒப்பீட்டு எண்ணாக 31,249 ஐயே எழுதுதல் வேண்டும். எண்ணி பூச்சியத்திலிருந்து தொடங்குவதே காரணம். மாணவரிற் பலர் 31,250 என எழுதினர். ஒன்றுதானே என்று எண்ணற்க. அவ்வொன்றினால் நாளொன்றுக்கு 2.7 செக்கனுக்கு மேற் பின்தங்கும்; ஒரு மாதத்தில் அது 80 செக்கனைத் தாண்டும்.

இதனிலும் மெதுவான தாளம் நம் வாசலிலேயே உண்டு. எல்பேயின் நீர் சராசரியாக 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு முறை ஏறி இறங்குகின்றது. இது 44,700 செக்கன். எந்தக் கிண்ணமும் கொள்ளாது. ஆயினும் இரண்டு செக்கனுக்கொரு முறை அமிழும் கிண்ணத்தை 22,350 தடவை எண்ணினாற் போதும். அவ்வெண்ணிக்கையை ஒரு பைற்றில் அடக்க முடியாது, இரண்டு வேண்டும். எண்ணும் பணியை இடையீடு பார்த்துக்கொள்ளும். வெறுமனே காத்திருக்கும் கட்டளையை எழுதினால், பலகை அந்நேரம் வேறு பணியைக் கவனிக்க இயலாது நிற்கும்.

மெதுவான தாளத்துக்குப் பகை சிறு பிழையே. மலிவான பலகைகளில் உள்ள பீங்கான் அதிர்வி குவார்ட்சுப் பளிங்கைப்போல நுட்பமானதன்று, நாளடைவில் வழுவும். அதனைத் திருத்த இந்நாட்டில் நல்ல வழியுண்டு. பிராங்க்பேர்ட்டுக்கு அண்மையிலுள்ள மைன்பிளிங்கனிலிருந்து 77.5 கிலோஹேட்சில் நேரச் சமிக்ஞை ஒலிபரப்பாகின்றது. செக்கனுக்கொரு துடிப்பு வரும். நிமிடத்தின் கடைசித் துடிப்பு மாத்திரம் விடுபடும். அவ்விடைவெளியே அடுத்த நிமிடம் பிறக்கப்போவதை அறிவிக்கும். வீட்டுச் சுவரிலுள்ள வானொலிக் கடிகாரம் தன்னைத் திருத்திக்கொள்வதும் இதனாலேயே.

ஒத்திகை நாளன்று, ஊரிற் கடற்றொழில் செய்த தந்தையார் ஒருவர் மாதிரியின் முன் நெடுநேரம் நின்றார். பின்னர், “வாத்தியார், இது எங்கட வெளிச்சவீடு இல்லை, எண்ணிப் பார்த்தனான்” என்றார். நாம் வெட்கினோம். கோபுரத்தை நம் ஊரிலிருந்தும் தாளத்தை எல்பேயிலிருந்தும் எடுத்திருந்தோம். அவர் கண்களை மூடிக் கைதட்டி ஊர் விளக்கின் தாளத்தைக் காட்ட, அவருடைய மகள் நிறுத்தற் கடிகாரத்துடன் அருகே நின்று குறித்தாள். ஒளிக்கு ஓர் எண், இருளுக்கு ஓர் எண் என இரண்டு எண்களை அவளே கணித்துத் திருத்தினாள்.

பெற்றோரே, உங்கள் நினைவில் உள்ளவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவற்றைக் கணக்கிட அவர்கள் அறிவார்கள். விழா மண்டபத்தின் வாயிலில் அவ்விளக்கு எரியும். நின்று எண்ணிப் பாருங்கள்.