காமிராவின் கண்: சொந்த லென்ஸும் பிறர் லென்ஸும்

ஊரை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் காமிரா என்பது இன்று ஆடம்பரப் பொருளன்று. டில்லியில் நடக்கும் திருமணத்தைத் திருநெல்வேலியில் இருக்கும் பாட்டி காண்பதும், நாகபுரியில் பிறந்த பேரனின் முதல் நடையைத் தஞ்சையில் இருக்கும் தாத்தா அறிவதும் படங்களின் வாயிலாகத்தான். பெரும்பாலான படங்களைக் கைப்பேசியே எடுத்துவிடுகிற இக்காலத்திலும், லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய காமிராவை நாடுவோர் நம்மிடையே பலர் உண்டு. சிலருக்கு அது பொழுதுபோக்கு. சிலருக்கு அதுவே பிழைப்பு. அவர்கள் டில்லி சாந்தினி சௌக்கை அடுத்த கூச்சா சௌத்ரியிலோ, கொல்கத்தாவின் மெட்ரோ கல்லியிலோ ஒரு கடையின் முன் நிற்கும்போது ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. காமிராவைச் செய்த கம்பெனியின் லென்ஸையே வாங்குவதா? அல்லது அதே காமிராவில் பொருந்தும்படி வேறொரு கம்பெனி செய்து, பெரும்பாலும் குறைந்த விலைக்கு விற்கும் லென்ஸை வாங்குவதா?

இக்கேள்விக்குப் பல முகங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே ஆராய்வோம். லென்ஸ் தானாகவே உருவத்தின்மேல் கூர்மையை நிறுத்திக்கொள்ளும் ஆற்றல், அதாவது ஆட்டோ ஃபோகஸ், எவ்வளவு நம்பத்தக்கது என்பதே அது.

இதனை ஆராய நமக்கு ஒரு காரணம் உண்டு. 2014ஆம் ஆண்டு நம் இல்லத் திருமணத்திற்காகக் கும்பகோணத்திலிருந்து அத்தை டில்லிக்கு வந்திருந்தார். அப்பொழுதுதான் நாம் 85 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தோம். அது காமிராக் கம்பெனியின் லென்ஸ் அன்று. காலை வெயில் விழும் சன்னலோரத்தில் அத்தையை உட்காரவைத்து, இருபது படங்களுக்குமேல் எடுத்தோம். காமிராவின் சிறு திரையில் யாவும் அழகாகவே தெரிந்தன. பின்னர்ப் பெரிதாக்கிப் பார்த்தபொழுது, காதுத் தோட்டின் ஒவ்வொரு கல்லும் தெளிவாக இருந்தது. கண்கள் மட்டும் மங்கியிருந்தன. ஏறத்தாழ எல்லாப் படங்களிலும் அதே குறை. அடுத்த ஆண்டு அத்தை காலமானார். அவரை மறுபடி உட்காரவைத்துப் படம் எடுக்க இனி இயலாது.

இந்தத் தவறு எப்படி நேர்ந்தது என்பதை அறிய, ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யும் முறையைச் சற்று அறிதல் வேண்டும். கண்ணாடி பொருத்திய பழைய வகைக் காமிராவில், லென்ஸ் வழியாக வரும் ஒளியின் ஒரு பகுதி காமிராவின் அடிப்பகுதியில் உள்ள ஒரு தனி உணர்கருவிக்குச் செல்கிறது. லென்ஸின் இரு ஓரங்களின் வழியே வந்த ஒளியை அக்கருவி ஒப்பிடுகிறது. இரண்டும் பொருந்தாவிட்டால், லென்ஸ் எந்தப் பக்கம் எவ்வளவு நகரவேண்டும் என்பதைக் காமிரா கணக்கிட்டு லென்ஸுக்குக் கட்டளையிடுகிறது. லென்ஸில் உள்ள மோட்டார் அக்கட்டளைப்படி கண்ணாடிகளை நகர்த்துகிறது. இவை யாவும் ஒரு வினாடியின் சிறு பகுதியில் நடந்து முடிகின்றன.

இங்கே காமிராவும் லென்ஸும் ஒன்றோடொன்று பேசுகின்றன என்பதே முக்கியமான செய்தி. 1985இல் வெளிவந்த மினோல்டா 7000 காமிராவில் மோட்டார் காமிராவுக்குள்ளேயே இருந்தது. 1987இல் கேனன் கம்பெனி ஈ.ஓ.எஸ். வரிசையைத் தொடங்கியபொழுது, ஒவ்வொரு லென்ஸிலும் ஒரு மோட்டாரை வைத்து, காமிராவுக்கும் லென்ஸுக்கும் இடையிலான தொடர்பு முழுவதையும் மின்சார வழியாக்கியது. அதுமுதல் லென்ஸ் என்பது வெறும் கண்ணாடிக் குழல் அன்று. சிறு கணினியும் மோட்டாரும் அடங்கிய யந்திரம். காமிரா பேசும் மொழி அதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அம்மொழியைக் காமிராக் கம்பெனிகள் நெடுங்காலம் வெளியாருக்குக் கற்பிக்கவில்லை. ஜப்பானில் 1950இல் தோன்றிய டாம்ரான், 1961இல் தோன்றிய சிக்மா முதலிய லென்ஸ் கம்பெனிகள் பல காமிராக்களின் பேச்சைக் கூர்ந்து கவனித்தே கற்றுக்கொள்ள நேர்ந்தது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இந்நிலை நன்கு விளங்குகிறது. டில்லிக்கு வந்த புதிதில் நம்மில் பலர் இந்தியை இலக்கணம் பயின்றா கற்றோம்? காய்கறிக்காரரிடமும் பேருந்து நடத்துநரிடமும் கேட்டுக் கேட்டுக் கற்றோம். அன்றாட வேலைகளுக்கு அது போதும். கேட்டறியாத சொல் ஒன்று வரும்பொழுதுதான் விழிக்கிறோம். லென்ஸின் கதையும் அதுவே. பிற கம்பெனி லென்ஸ் இன்றைய காமிராவோடு குறையின்றி உழைக்கும். நாளை அக்கம்பெனி புதுக் காமிராவைக் கொணர்ந்து, மொழியில் இரண்டு புதுச் சொற்களைச் சேர்த்தால், பழைய லென்ஸ் திகைத்து நிற்கக்கூடும். பிலிம் காலத்துப் பிற கம்பெனி லென்ஸ்கள் சில, பிற்கால டிஜிட்டல் காமிராக்களில் மாட்டியதும் பிழைச் செய்தி காட்டி நின்றுபோனதுண்டு.

இனி, தவறுகளை இரு வகையாகப் பிரித்துப் பார்த்தல் நலம். நம் வீட்டுச் சுவர்க் கடிகாரம் நாள்தோறும் ஐந்து நிமிடம் முந்தி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதனால் யாரும் ரயிலைத் தவறவிடுவதில்லை, ஐந்தைக் கழித்துக்கொள்கிறோம். இன்னொரு கடிகாரமோ ஒருநாள் முந்தும், ஒருநாள் பிந்தும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? லென்ஸ்களிலும் அப்படியே. ஒவ்வொரு முறையும் ஒரே அளவு முன்னோ பின்னோ கூர்மையை நிறுத்தும் லென்ஸ் முதல் வகை. ஒரு முறை சரியாகவும், மறுமுறை முன்னும், பிறகு பின்னுமாகத் தடுமாறும் லென்ஸ் இரண்டாம் வகை. முதல் வகைக் குறைக்கு மருந்து உண்டு. நடுத்தர விலைக்கு மேற்பட்ட கண்ணாடிக் காமிராக்கள் பலவற்றில் ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியே திருத்தம் பதிந்துவைக்கும் வசதி உண்டு. லென்ஸையே கணினியோடு இணைத்துத் திருத்தும் சிறு கருவியைச் சிக்மா 2013இலும், டாம்ரான் 2016இலும் அளித்தன. இரண்டாம் வகைக் குறைக்கு வீட்டில் மருந்தில்லை.

எந்த அளவு தவறு கண்ணுக்குத் தெரியும் என்பதும் கணக்குக்கு உட்பட்டதே. முழு அளவுச் சென்சார் கொண்ட காமிராவில் 85 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 1.4 அளவில் திறந்து, 2 மீட்டர் தொலைவில் இருப்பவரைப் படம் எடுத்தால், கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ 4½ சென்டிமீட்டர்தான். கண்ணுக்கும் காதுக்கும் இடையே உள்ள தூரம் அதைவிட அதிகம். அதே தொலைவில் 50 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 8 அளவில் வைத்தாலோ, அவ்வாழம் முக்கால் மீட்டரை எட்டிவிடும். லென்ஸ் சற்றுத் தவறினாலும் தெரியாது. ஆகவே, ஒரே லென்ஸைப் பற்றி ஒருவர் புகழ்ந்தும் மற்றொருவர் பழித்தும் பேசுவதில் வியப்பில்லை. இருவரும் உண்மையே சொல்கிறார்கள். பயன்படுத்தும் விதம்தான் வேறு.

கண்ணாடியற்ற புதுவகைக் காமிராக்கள் இந்நிலையைப் பெரிதும் மாற்றிவிட்டன. அவற்றில் படம் பதியும் சென்சாரே கூர்மையையும் அளக்கிறது; தனிக் கருவி இல்லை. அளக்கும் இடமும் படம் விழும் இடமும் ஒன்றே ஆனபடியால், எப்பொழுதும் ஒரே பக்கம் தவறும் முதல் வகைக் குறை ஏறத்தாழ மறைந்துவிட்டது. மொழியைக் கற்பிப்பதிலும் மாறுதல் வந்தது. சோனி கம்பெனி தன் ஈ மவுண்டின் அடிப்படை விவரங்களை 2011இல் பிற கம்பெனிகளுக்குக் கட்டணமின்றி அளிக்க முன்வந்தது. லைக்கா, பானசோனிக், சிக்மா ஆகிய மூன்றும் 2018இல் ஒரே மவுண்டுக்காகக் கூட்டுச் சேர்ந்தன. கேனனின் ஆர்.எஃப். மவுண்டு 2018இல் வந்தபோதிலும், சிக்மாவும் டாம்ரானும் அனுமதி பெற்று அதற்கு லென்ஸ் செய்வதாக அறிவித்தது 2024இல்தான். அவையும் முதலில் சிறிய சென்சாருக்கானவையே.

எனினும் வேற்றுமை முற்றும் ஒழிந்துவிடவில்லை. 2021இல் வந்த சோனி ஆல்ஃபா 1 காமிரா வினாடிக்கு 30 படங்கள் வரை எடுக்கவல்லது. பிற கம்பெனி லென்ஸை மாட்டினால் அது 15 ஆகக் குறைகிறது. குடும்பப் படம் எடுப்பவருக்கு இது பொருட்டன்று. பறவை பறப்பதையும் பந்து பாய்வதையும் எடுத்துப் பிழைப்பவருக்கு இது பெருங்குறையே.

ஆகவே, வாங்க விரும்புவோருக்கு நாம் கூறக்கூடியவை இவை. ஓடும் பொருள்களைப் படம் எடுத்துச் சம்பாதிப்பவர் காமிராக் கம்பெனியின் லென்ஸுக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண்செலவன்று. மற்றவர்கள் பிற கம்பெனி லென்ஸைத் தயங்காமல் பரிசீலிக்கலாம். ஆனால் தங்கள் காமிராவின் பெயரைச் சொல்லி, அதனோடு பொருந்தும் என்பதை லென்ஸ் கம்பெனியின் அறிவிப்பிலேயே பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். பின்னாளில் புதுச் சொற்களைக் கற்பிக்க வழி உண்டா, அதாவது லென்ஸின் உள்மென்பொருளைப் புதுப்பிக்க இயலுமா என்றும் கேட்க வேண்டும். இந்தியாவில் செல்லும் உத்தரவாதமும் முறையான ரசீதும் இல்லாத சரக்கு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். பழைய லென்ஸ் வாங்குவோர் இன்னும் ஒன்றை நோக்க வேண்டும். 2006இல் வந்த நிக்கான் டி40 போன்ற எளிய காமிராக்களில் மோட்டார் இல்லை. அவற்றில் மோட்டாரற்ற பழைய லென்ஸை மாட்டினால், அது சொந்தக் கம்பெனியின் லென்ஸாக இருப்பினும், கையால்தான் திருக வேண்டும்.

வாங்கிய வாரத்திலேயே செய்யத்தக்க ஒரு சோதனையும் உண்டு. ஐந்து டப்பாக்களைச் சாய்வான வரிசையில், ஒன்றுக்குப் பின் ஒன்றாக, விரற்கடை இடைவெளியில் நிறுத்துங்கள். காமிராவை முக்காலியில் வைத்து, லென்ஸை முழுவதும் திறந்து, நடு டப்பாவின் எழுத்துக்களைக் குறிவையுங்கள். ஒவ்வொரு முறையும் கூர்மையைக் கலைத்துவிட்டுப் பத்துப் படங்கள் எடுங்கள். கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். பத்திலும் நடு டப்பா தெளிவாக இருந்தால் நல்லது. பத்திலும் நான்காம் டப்பா தெளிவாக இருந்தால் திருத்தம் போதும். படத்துக்குப் படம் வெவ்வேறு டப்பா தெளிவாக இருந்தால், லென்ஸைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சொந்தக் கம்பெனி லென்ஸையும் இச்சோதனையிலிருந்து விலக்க வேண்டாம். குறையுள்ள உருப்படி எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் வரக்கூடும்.

இச்சோதனையை நாம் செய்தது அத்தை மறைந்த பின்னர்தான். படங்களைக் கண்ட நம் சகோதரி மகன், "மாமா, லென்ஸ் கெட்டதில்லை. எல்லாப் படத்திலும் ஒரே அளவுதான் பின்னுக்குப் போகிறது. நீங்கள் காமிராவில் திருத்தம் வைக்கவே இல்லையே" என்றான். அவன் சொன்னபடியே திருத்தம் வைத்ததும், டப்பாக்களின் எழுத்துக்கள் பளிச்சென்று தெரிந்தன. அந்தத் திருத்தத்தைப் பற்றிய பக்கம் காமிராவோடு வந்த கையேட்டிலேயே இருந்தது. நாம் அதைத் திறந்து பார்த்திருக்கவில்லை. இன்றும் அதே லென்ஸைத்தான் பயன்படுத்துகிறோம். அத்தையின் படங்களுள் கண்கள் ஓரளவு தெளிந்த ஒன்றைச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். காதுத் தோடுதான் அதில் முதலில் கண்ணில் படுகிறது. நேயர்கள் தம் வீட்டுப் பெரியவர்களைப் படம் எடுக்க உட்காரவைக்கும் முன்னர், ஐந்து டப்பாக்களை வரிசையில் நிறுத்த ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குவார்களாக.