ஆடும் பல்லுக்குக் கால்சியம் மாத்திரை மருந்தாகுமா? உமிழ்நீரும் ரத்தமும் சொல்வது என்ன?

பல் ஆடத் தொடங்கியதும் உடலில் கால்சியம் குறைந்துவிட்டதாகக் கருதி மாத்திரை உட்கொள்வோர் பலர். ஆனால், நாள்பட்ட ஈறு நோயில் பல் ஆடுவதற்குக் காரணம் வேறு. கிருமிகளால் ஏற்படும் அழற்சி, பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைக்கிறது. ரத்தத்தில் கால்சியம் இயல்பாக இருக்கும்போதும் இது நிகழும்.

ஹைதராபாதில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை என 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரையில் குறிப்பிட்டுள்ளது. 1918-இல் குன்னூரில் தொடங்கப்பட்ட ஆய்வுப் பிரிவே 1958-இல் ஹைதராபாதுக்கு இடம்பெயர்ந்து இந்நிறுவனமாக வளர்ந்தது. பால், கேழ்வரகு, கீரை ஆகியவற்றில் கிடைக்கும் கால்சியம் எலும்புக்கு அவசியம். எனினும், அது ஈறு நோயைக் குணப்படுத்தாது.

உமிழ்நீரில்...

உமிழ்நீரில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் பற்களின் மேற்பரப்பைப் பாதுகாக்கின்றன. அதே தாதுக்கள், சரியாகத் துலக்காத பற்களில் படியும் கிருமிப் படலத்தை இறுகச் செய்து காரையாக மாற்றுகின்றன. உமிழ்நீர்ச் சுரப்பியின் நாளங்கள் நாக்கின் அடியில் திறப்பதால், கீழ் முன்பற்களின் உட்புறத்தில் காரை அதிகம் படிகிறது. பால் அருந்துவதைக் குறைப்பதால் இது நிற்காது.

ரத்தத்தில்...

ரத்தத்தின் மொத்தக் கால்சியத்தை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்ற அளவிலேயே ஹார்மோன்கள் நிலைநிறுத்துகின்றன. எனவே, ஈறில் நிகழும் பாதிப்பை அது காட்டுவதில்லை. பொதுவாக உடலில் அழற்சி ஏற்படும்போது ரத்தத்தில் துத்தநாகமும் இரும்பும் குறையும், தாமிரம் உயரும். ஆகவே, இம்மாற்றங்களை உணவுக் குறைபாடு என்று மட்டும் கொள்ள இயலாது.

ஈறு நோயாளிகளின் உமிழ்நீரில் கால்சியம் கூடுதலாக இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டினாலும், முடிவுகள் ஒருமித்தவையாக இல்லை. ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலான பள்ளத்தின் ஆழத்தை அளந்தும் எக்ஸ்ரே எடுத்துமே மருத்துவர்கள் நோயை உறுதிசெய்கின்றனர். ஆரோக்கியமான ஈறில் இப்பள்ளம் பொதுவாக 3 மில்லிமீட்டருக்கு மேல் இராது.

என்ன செய்ய வேண்டும்?

உலகில் 100 கோடிக்கும் அதிகமானோர் தீவிர ஈறு நோயால் பாதிக்கப்பட்டுள்ளதாக உலக சுகாதார அமைப்பு 2022-இல் தெரிவித்தது. புகையிலைப் பழக்கமும் கட்டுக்குள் இல்லாத நீரிழிவும் பாதிப்பை அதிகரிக்கின்றன.

பல் சுத்தம் செய்தால் பல் தளர்ந்துவிடும் என்ற அச்சம் தவறானது. எலும்பு ஏற்கெனவே கரைந்திருந்தால், காரையை அகற்றிய பின் அந்தத் தளர்வு வெளிப்படுகிறது. கரைந்த எலும்பு பெரும்பாலும் தானாக மீளாது என்பதால், பல் ஆடும் வரை காத்திராமல், துலக்கும்போது ரத்தம் கசிந்தாலே பல் மருத்துவரை அணுகுவது நல்லது.