வெட்டிய காட்டில் எதை நடுவது?

புதுக்கோட்டைச் சீமையில் பிறந்த எங்களுக்குத் தைல மரம் புதிதன்று. பேருந்தில் அமர்ந்து வெளியே நோக்கினால், காலை வழிபாட்டுக்கு வரிசையாய் நிற்கும் மாணவியரைப்போல ஒரே உயரத்தில் நிற்கும். ஊரார் இதனை 'ஆர்.எஸ்.பதி மரம்' என்றே அழைப்பர். நீலகிரித் தைலப் புட்டியின் பெயர் மரத்துக்கே பெயராகிவிட்டது! ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இம்மரம் 1843-இல் நீலகிரியில் நடப்பட்டது. நம் சமவெளிக்கு அது பரவியது பிற்காலத்தில்தான். 1974-இல் தோன்றிய தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் காகிதக் கூழுக்காக இதனை வளர்த்து வருகிறது.

நட்டு ஏறத்தாழ ஏழாண்டுகளில் மரம் வெட்டுக்கு வரும். வெட்டினாலும் வேர் சாவதில்லை. அடிக்கட்டையிலிருந்து துளிர் கிளம்பி மறுபடியும் மரமாகும். அதுவே அடுத்த வெட்டு. கட்டை வலுவிழந்த பிறகே புதுக் கன்று நடுவர். ஆகவே இங்கே 'மறுநடவு' என்றால் மகசூல் திரும்புகிறது என்று பொருளே தவிர, காடு திரும்புகிறது என்று பொருளன்று.

இதுபற்றிச் சட்டம் என்ன கூறுகிறது? காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்றது 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம். 1988-இல் அதில் ஒரு திருத்தம் வந்தது. தானாக வளர்ந்த மரங்களை, 'மீண்டும் நடப்போகிறோம்' என்று சொல்லி அழிப்பதற்கும் அதே அனுமதி வேண்டும் என்பதே அத்திருத்தம். தானாய் முளைத்த காடும் நட்டு வளர்த்த தோப்பும் ஒன்றல்ல என்று சட்டமே ஒப்புக்கொண்டது எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பின்னர் 1996 டிசம்பர் 12 அன்று, கோதவர்மன் வழக்கில், மத்திய அரசு ஒப்பிய செயல்திட்டப்படியன்றிக் காடுகளில் மரம் வெட்டலாகாது என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அச்செயல்திட்டங்களை வகுக்கும் நெறிமுறை 2014-இலும் 2023-இலும் புதுப்பிக்கப்பட்டது.

சுவீடன் நாட்டிலோ 1903-லேயே, வெட்டியவர் மீண்டும் காடு வளர்க்க வேண்டும் என்று சட்டம் செய்தனர். ஆனால் மர உற்பத்திக்கு நிகரான இடத்தை இயற்கைப் பாதுகாப்புக்கும் தர அவர்களுக்கு 1993 வரை, அதாவது தொண்ணூறு ஆண்டுகள், பிடித்தது!

எங்கள் மாவட்டத்தில் வழக்கெல்லாம் தண்ணீரைப் பற்றியதே. மழையை நம்பிய கண்மாய்ப் பாசனம் இது. தைல மரத் தோட்டங்களில் மழைநீரைத் தடுத்து நிறுத்தப் பள்ளம் வெட்டி வரப்புப் போடுகின்றனர். அதனால் வரத்து வாரிகள் வறண்டு கண்மாய் நிரம்பவில்லை என்று உழவர்கள் நெடுநாளாய் முறையிடுகின்றனர். மரம் குடித்த நீரைவிட வரப்பு மறித்த நீரே பெரிது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

ஆனால் நாம் எழுதும் நோட்டும் மரக்கூழிலிருந்து வருவதுதானே? கரூர் மாவட்டக் காகிதபுரத்து ஆலை கரும்புச் சக்கையை முதன்மையாகக் கொண்டு இயங்கினாலும் மரத்தை அறவே விட்டுவிடவில்லை. வெட்டுக் கூலியால் வாழும் குடும்பங்களும் உண்டு.

இம்மண்ணுக்கு உரியவை எவை என்றறியக் கோயில் காடுகளுக்குச் சென்றால் போதும்: வீரை, காசா, உலக்கைப்பாலை. இவை ஏழாண்டில் பணமாகா, மெல்லவே வளரும். எனவே எல்லாத் தோட்டங்களையும் ஒரே ஆண்டில் மாற்றுக என்று கேட்பது நியாயமாகாது. கண்மாய்களுக்கு நீர் தரும் சரிவுகளில் மட்டுமாவது, அடுத்த வெட்டு முடிந்ததும் கட்டைகளை அகற்றி, வரப்பை உடைத்து, ஐப்பசி மழைக்கு முன் இக்கன்றுகளை நட வேண்டும் என்பதே எங்கள் விண்ணப்பம்.