டன்னுக்குப் பத்து கிராம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பொன்னேரியிலிருந்து டிபிபி சாலையில் மணலி வரை பைக்கில் போய் வந்தால் சட்டைக் காலர் கறுத்துவிடும், கண் எரியும். காலரைக் கறுக்கவைத்தது கரித்துகள். எரிச்சலில் கந்தகத்துக்கும் பங்குண்டு. நாம் இரண்டையும் சேர்த்து ‘லாரிப் புகை’ என்று திட்டித் தீர்த்தோம்.

அன்றைய டீசலில் எடைக்கு 1 சதவீதம் வரை கந்தகம் இருக்கலாம். டன்னுக்குப் பத்து கிலோ! அதை அளக்க லேபில் ‘பாம்’ போதும். கனத்த உலோகக் குடுவைக்குள் ஆக்சிஜனை அடைத்து எண்ணெயை எரிப்பார்கள். குடுவையைக் கழுவிய நீரில் பேரியம் குளோரைடு விட்டால் வெள்ளையாகப் படியும். வடிகட்டிச் சுட்டு, தராசில் வைக்க வேண்டியதுதான். பாதி நாள் போய்விடும், ஆனால் கணக்கு பிசகாது.

பிறகு வரம்பு இறங்கிக்கொண்டே வந்தது. 2000-இல் இரண்டரை கிலோ. 2010-இல் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் 50 கிராம். 2020 ஏப்ரல் 1 முதல், பிஎஸ்-6 என்ற பெயரில், நாடு முழுக்க 10 கிராம். புதிய வண்டிகளின் புகைவடிப்பான்களுக்குக் கந்தகம் ஆகாது என்பது முக்கியக் காரணம். இந்த அளவுக்குப் பேரியமும் தராசும் எந்த மூலைக்கு?

இங்கேதான் எக்ஸ் கதிர் உதவுகிறது. அது பட்டால் கந்தகம் தனக்கே உரிய 5.37 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் ஒளிரும். சிக்கல் வேறு இடத்தில். எக்ஸ் கதிர்க் குழாய் எல்லா அலைநீளத்தையும் கலந்து கொட்டுகிறது. அதெல்லாம் எண்ணெயில் பட்டுச் சிதறுகிறது. திருவிழா ஒலிபெருக்கிக்கு நடுவே கொலுசுச் சத்தத்தைத் தேடுகிற கதை.

பூதக்கண்ணாடி வெயிலைக் குவிப்பதுபோல எக்ஸ் கதிரைக் குவிக்க முடியாது. கண்ணாடிக்குள் அது வளைவதே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் படிகம் அதைத் திருப்பும், அதுவும் ஒவ்வொரு அலைநீளத்துக்கும் குறிப்பிட்ட ஒரு கோணத்தில்தான். தட்டையான படிகத்தில் விரிந்து வரும் கதிர்கள் இடத்துக்கு இடம் வேறு கோணத்தில் விழுவதால், ஒரு கீற்றுதான் வேலைக்கு ஆகும். படிகத்தையே வளைத்தால்? 1931-இல் யோஹான் என்ற ஆய்வாளர் வளைத்தார். 1933-இல் சுவீடனின் யோஹான்சன் வளைத்ததோடு தேய்த்தும் பிழையைக் குறைத்தார். இன்றைய படிகங்கள் பானை ஓட்டுச் சில்லைப் போல இரு திசையிலும் வளைந்தவை. ஒரு புள்ளியில் கிளம்பும் கதிரில் ஒரே அலைநீளத்தைப் பொறுக்கி இன்னொரு புள்ளியில் சேர்த்துவிடும். எனக்கு இதில் வியப்பு, குவிப்பதும் வடிகட்டுவதும் ஒரே வளைவில் முடிந்துவிடுவதுதான்.

எரிபொருளில் கந்தகத்தை அளக்கும் ஏஎஸ்டிஎம் டி7039 என்ற தர முறையில் இப்படி இரண்டு இடத்தில் வேலை நடக்கிறது. முதல் படிகம் சுத்தப்படுத்திய கதிரை எண்ணெய்மேல் குவிக்கும். இரண்டாவது, கந்தகத்தின் ஒளிர்வை மட்டும் அள்ளி உணரியிடம் கொடுக்கும். சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் டீசல், சில நிமிடம்.

டீசலிலிருந்து போன கந்தகம் எங்கே? சுத்திகரிப்பு ஆலையில் ஹைட்ரஜன் அதைப் பிரித்தெடுக்கிறது. மஞ்சளாகக் குவிந்து, கந்தக அமில ஆலைக்கு லாரி ஏறிப் போகிறது.